அடி பிடிக்காத களி

தம்பி,

இன்று காலை திருவாதிரைக் களி அடி பிடித்துவிட்டது. இதைப் படித்ததும் நீ சிரிப்பாய். "அம்மாவுக்கேவா?" என்பாய். பக்கத்தில் இருக்கும் மேகலாவைக் கூப்பிட்டுக் காட்டப் போவாய். ஒரு நிமிஷம் நில். இதை முதலில் நீ மட்டும் படி. போனில் சொல்லக்கூடாதா, தாளும் பேனாவும் தபாலும் எதற்கு என்று நீ கேட்கலாம். போனில் சொன்னால் நான் பாதியில் அழுதுவிடுவேன், நீ "விடும்மா, விடும்மா" என்பாய், நானும் விட்டுவிடுவேன். அப்படி விட்டு விட்டுத்தான் ஆறு வருஷம் ஓடியிருக்கிறது.

இந்த வருஷம் நீங்கள் வரவில்லை. மேகலா வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் அரைப்பரீட்சை லீவிலும் ஏதோ பயிற்சி வகுப்பு, உனக்கும் கோயம்புத்தூரை விட்டு நகர முடியாத வேலை. அதற்காகத் திருவாதிரை நிற்குமா? நான்கு மணிக்கு எழுந்து குளித்து, அடுப்பைப் பற்றவைத்து, வெண்கல உருளியை ஏற்றினேன். முந்தின நாளே பச்சரிசியைச் சிவக்க வறுத்து ரவையாக உடைத்து வைத்திருந்தேன். அப்பா தேங்காய் துருவிக் கொடுத்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, என் வலது தோள்பட்டைதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வெல்லப்பாகு சேர்ந்து களி இறுகும் நேரத்தில் கரண்டியை அழுத்தி அடிவரை கொண்டுபோக முடியவில்லை. மேலே நெய் மிதக்க, அடியில் கருகும் வாசனை வந்தது. மேலாக எடுத்துப் பாத்திரங்களில் வைத்து, வழக்கம்போலத் தெருவில் நம் பங்காளி வீடுகளுக்கெல்லாம் அப்பாவிடம் கொடுத்து அனுப்பினேன். கருகல் வாசனையோடுதான் போனது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுப் பாத்திரத்தைக் கழுவித் திருப்பி அனுப்பினார்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள், பிறகு வருகிறேன்.

மத்தியானம் வீடியோவில் கூப்பிட்டீர்கள். களி அடி பிடித்த கதையை நானே சொன்னேன். யாழினி கையைத் தட்டிக்கொண்டு, "உங்களுக்குமா பாட்டி? எங்க அம்மாவுக்குத்தானே களி வராது? அப்பா சொன்னாங்களே" என்றாள். நீ பின்னால் நின்று சிரித்தாய். மேகலா துணி மடித்துக்கொண்டிருந்தாள், நிமிராமலே, "ஆமாங்கத்தை, இந்த வீட்டுல களின்னா என் பேருதான்" என்றாள். அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்து வயசுப் பிள்ளைக்குத் தன் அம்மாவைப் பற்றித் தெரிந்த முதல் குடும்பக் கதையே என்னுடைய பொய் என்றால் எனக்கு எப்படி இறங்கும்?

ஆமாம் தம்பி, பொய். ஆறு வருஷத்துக்கு முன்னால் மேகலா கிண்டிய களி அடி பிடிக்கவில்லை.

அந்த வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கும். நீங்கள் மன்னார்குடியில் கல்லூரியில் படிக்கும்போதே பழகியவர்கள். ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு வந்து நின்றபோது நான் கதவைத் திறந்தேன், ஆனால் வாய் திறக்கவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் பெண். அவள் தாத்தா நம் வயலில் நாற்றுப் பறித்தவர், அறுவடைக்கு வந்தவர். அந்தக் குடும்பம் படித்து மேலே வந்ததை ஊரே மெச்சியது, நானும்தான் மெச்சினேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை நன்றாகப் படித்தால் மெச்சுவது வேறு, அது நம் வீட்டு அடுப்படிக்கு வருவது வேறு என்று எனக்குள் ஒரு கணக்கு இருந்தது. வெளியே சொன்னதில்லை. நான் அப்படிப்பட்டவள் இல்லை என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன், என்னிடமே கூட. ஒரு வருஷம் பேச்சு வார்த்தை இல்லாமல் கழிந்தது. அப்புறம் உன் அப்பா ஒரு நாள் பஸ் ஏறி வந்து, "மார்கழிக்கு வந்துருங்க, உங்க அம்மாதான் வரச் சொன்னா" என்று சொல்லி உங்களைக் கூட்டி வந்தார். நான் சொல்லவில்லை தம்பி. அது அவர் சொன்ன பொய். ஆனால் அவர் பொய்யில் ஒரு வீடு சேர்ந்தது.

வந்த அன்றைக்கே அவள் அடுப்படியில் வந்து என் பக்கத்தில் நின்றாள். "அத்தை, இந்த வருஷம் களி நான் கிண்டட்டுமா?" என்று கேட்டாள். கோயம்புத்தூரில் இரண்டு தடவை செய்து பார்த்தாளாம். முதல் தடவை கட்டி தட்டிப்போனதாம், நீ அதையும் சாப்பிட்டாயாம். ஒரு பங்கு ரவைக்கு ரெண்டரைப் பங்கு தண்ணீர் என்று நான் எப்போதோ உன்னிடம் போனில் சொன்னதை ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்திருந்தாள். அப்புறம் அவள் சொன்னதுதான் என்னை அப்படியே உலுக்கியது. "எங்க வீட்டுல களி கிண்ட மாட்டோம் அத்தை. வருஷா வருஷம் உங்க களிதான். சின்னப் புள்ளையில தாத்தாகூடத் தூக்கு எடுத்துக்கிட்டு கொல்லைப் பக்கம் வருவேன். நீங்கதான் வைப்பீங்க. ரெண்டு முந்திரியாவது இருக்கான்னு போற வழியெல்லாம் தோண்டிப் பாப்பேன்."

அவள் அதைச் சந்தோஷமாகத்தான் சொன்னாள். என் கைமணத்தைப் புகழ்ந்தாள். எனக்கு அவள் முகம் ஞாபகத்துக்கு வரவில்லை. கொல்லைப்படலுக்கு அந்தப் பக்கம் நீண்ட தூக்குகள் ஞாபகம் இருந்தன, எது நசுங்கியது, எதற்கு மூடி இல்லை என்பது கூட. பிடித்திருந்த ஆள்கள் ஞாபகம் இல்லை. வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் நல்லவர்களுக்குப் புத்தி வரும். எனக்குக் கோபம்தான் வந்தது.

திருவாதிரை அன்று அவள் எனக்கு முன்னால் எழுந்துவிட்டாள். நான் தலைக்குக் குளித்துவிட்டு வரும்போது தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஏழுகறிக் குழம்புக்குப் பூசணி, பரங்கி, அவரை, சேனை எல்லாம் ஒரே அளவாக நறுக்கி வைத்திருந்தாள். ரவையை ஒரு கையால் தூவி, மறு கையால் கிண்டி, ஒரு கட்டி விழாமல் இறக்கினாள். நெய் ஓரத்தில் பிரிந்து நின்றது. ஏலக்காய் மணம் கூடம் வரைக்கும் வந்தது. உன் அப்பா பொறுக்க முடியாமல் சாமிக்குப் படைக்கும் முன்னாலேயே ஒரு விரல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்ததும் அசடு வழிந்தார். நீ அப்போது வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாய்.

திருக்காட்டுப்பள்ளியிலிருந்து உன் அத்தை வந்திருந்தார் அல்லவா? அவர் அடுப்படி வாசல் வரைக்கும் வந்து, உருளியைப் பார்த்து, மேகலாவைப் பார்த்து, என்னைக் கூடத்து மூலைக்குக் கூப்பிட்டார். "நல்லாத்தான் கிண்டியிருக்கு. ஆனா இது தெருவுக்குல்ல போகணும்? எட்டு வீடு. யாரு கிண்டுனதுன்னு கேட்டா என்னம்மா சொல்லுவ?" அவ்வளவுதான் சொன்னார். கொட்டச் சொல்லவில்லை. அத்தை தலையில் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ள மாட்டேன். கேள்வி அவருடையது, பதில் என்னுடையது.

நான் அடுப்படிக்குள் போனேன். மேகலா குழம்புக்குத் தாளிக்கக் கறிவேப்பிலை பறிக்கக் கொல்லைக்குப் போயிருந்தாள். உருளியைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய், மாட்டுக்குக் கழுநீர் ஊற்றும் தொட்டியில் கவிழ்த்தேன். ஒரு படி அரிசிக் களி. அவள் கறிவேப்பிலையோடு திரும்பி வந்து நின்றாள். "அடி பிடிச்சுப்போச்சும்மா. பொகை வாசனை வந்துருச்சு. சாமிக்கு ஆவாது" என்றேன். சத்தமாகச் சொன்னேன், கூடத்துக்கும் கேட்கட்டும் என்று. அவள் தொட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மன்னிச்சிருங்கத்தை. சரியாப் பாக்கல" என்றாள்.

அப்புறம் நான் மறுபடி கிண்டினேன். என் களி தெருவுக்குப் போனது. சாப்பிடும்போது நீ, "முதல் களியே மாட்டுக்கா?" என்று அவளைக் கிண்டல் செய்தாய். எல்லாரும் சிரித்தோம். உன் அப்பா மட்டும் இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். கை கழுவப் போகும்போது என் காதருகே, "நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார். "சும்மா இருங்க" என்றேன். சும்மா இருந்துவிட்டார். இந்த வீட்டில் சும்மா இருப்பதில் அவர் ரொம்பப் பழகியவர், அதற்கும் நான்தான் காரணம்.

அன்றைக்கு நான் நினைத்ததையும் சொல்லிவிடுகிறேன். இது பெரிய பாவம் இல்லை, அவளை நான் வையவில்லை, வெளியே போ என்று சொல்லவில்லை, ஒரு சின்னப் பொய்யில் எல்லார் மானமும் காப்பாற்றப்பட்டது என்று நினைத்தேன். சாமர்த்தியக்காரி என்று என்னை நானே தட்டிக்கொடுத்தேன். புயலில் தென்னை முழுக்கச் சாய்ந்த வருஷம் உனக்கு நினைவிருக்கும். ஒரு மூடித் தேங்காய் கிடைக்கவில்லை, முந்திரி இல்லை, வெல்லம் கூடக் கொஞ்சம்தான். களி நிற்கக்கூடாது என்று வெறும் ரவையைக் கிண்டிப் படைத்தேன். தெருவே சாப்பிட்டது. தேங்காய் இல்லாமல் நடந்த திருவாதிரை, அவள் கை பட்டால் நடக்காது என்று எப்படி நினைத்தேன்? இன்றைக்கு என் கருகின களியை எட்டு வீட்டிலும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டார்கள். அவளுடைய நல்ல களியை மாடு தின்றது.

அதற்கப்புறம் ஒவ்வொரு மார்கழியும் நீங்கள் வந்தீர்கள். ஒவ்வொரு மார்கழியும் அவள் காய் நறுக்கினாள், தேங்காய் துருவினாள், கோலம் போட்டாள், கரண்டியை மட்டும் தொடவில்லை. "நீங்களே கிண்டுங்கத்தை, நான் தொட்டா அடி பிடிச்சிரும்" என்பாள். நீ உடனே மாட்டுக் கதையைச் சொல்வாய். எனக்கு முதல் வருஷம் நெஞ்சில் முள் குத்தியது. இரண்டாம் வருஷம் கொஞ்சம் குறைந்தது. நான்காம் வருஷம் நானே அந்தக் கதையைப் பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறேன், உண்மையிலேயே அடி பிடித்ததுபோல. பொய் சொன்னது ஒரு தப்பு என்றால், அதை நானே நம்ப ஆரம்பித்தது அதைவிடப் பெரிய தப்பு.

பெற்றவள் என்பதால் ஒரு புத்திமதி சொல்கிறேன், சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்க்காமல் கேட்டுக்கொள். ஒரு வீட்டில் ஒரு வேடிக்கைக் கதை வருஷா வருஷம் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டால், அது யாரைப் பற்றிய கதை என்று பார். எப்போதும் ஒரே ஆளைப் பற்றியதாக இருந்தால், அந்த ஆள் சிரிக்கும்போது முகத்தைக் கவனி. நீ நல்ல பிள்ளை, பெண்டாட்டிக்குத் தோசை வார்த்துக் கொடுக்கிறவன். ஆனால் ஆறு வருஷமாக நீ சொல்லும் அந்தக் கதையில் அவள் முகத்தை நீ பார்க்கவே இல்லை. நான் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

இதோடு முடித்துக் கையெழுத்துப் போடலாம் என்றிருந்தேன். உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். பிரித்து மறுபடி எழுதுகிறேன். இடையில் இரண்டு நாள் போய்விட்டது.

அன்றைக்கு அடி பிடித்த உருளியில் தண்ணீர் ஊற்றிக் கொல்லையில் ஊற வைத்திருந்தேன். நேற்று உட்கார்ந்து தேய்த்தேன். புளி போட்டுத் தேய்த்தேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன், தேங்காய் நாரும் தேய்ந்தது, கருப்பு போகவில்லை. உள்ளங்கை அளவுக்குத் தீய்ந்த பொருக்கு, கத்தியால் சுரண்டினாலும் அசையவில்லை. அப்பா வந்து பார்த்துவிட்டு, "விடு, பாத்திரக்காரனக் கூப்புட்டுப் பாலிஷ் போட்டுக்கலாம்" என்றார். "போங்க அந்தாண்ட" என்று நான் பாட்டுக்குத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் தம்பி, எனக்குக் கை நின்றுபோனது.

ஆறு வருஷத்துக்கு முன்னால், அவள் களியைக் கொட்டிய அன்றைக்கு நான் மறுபடி கிண்ட வேண்டியிருந்தது. இருப்பது ஒரே உருளி. அதைக் கழுவியது யார்?

மேகலாதான். தொட்டியடியில் நான் வைத்துவிட்டு வந்த உருளியை அவள்தான் எடுத்துக்கொண்டுபோய்க் குழாயடியில் கழுவினாள். நான் அரிசியை எடுத்து வாணலியில் போட்டு வறுக்க ஆரம்பிப்பதற்குள் கொண்டுவந்து வைத்துவிட்டாள். "கழுவிட்டேங்கத்தை, அடுத்த ஈடு வச்சிரலாம்" என்றாள். உள்ளே பளபளவென்று இருந்தது. ஒரு பொட்டுக் கருப்பு இல்லை. அடி பிடித்த உருளி இரண்டு நாள் ஆனாலும் விடாது என்று எனக்கு இப்போதுதான் தெரியுமா? கழுவின அவளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும். கையை விட்டு வழித்திருப்பாள், ஒட்டியிருந்ததைக் கொஞ்சம் வாயிலும் போட்டுப் பார்த்திருப்பாள். ஆறு வருஷமாக நான் அவளை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்றுதான் குற்ற உணர்ச்சியில் இத்தனை பக்கம் எழுதினேன். ஏமாந்தது அவள் இல்லை, நீ. ஏமாந்தவனுக்காக அவள் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள், ஏமாற்றியவளுக்காகவும்.

கையைக்கூடக் கழுவாமல் அவளுக்குப் போன் செய்தேன். நீ வேலையில் இருந்திருப்பாய். என்ன கேட்பது என்று தெரியவில்லை. "மேகலா, அன்னைக்கு, நீ கிண்டுனியே, எவ்வளவு தண்ணி வச்ச?" என்று கேட்டேன். எந்த அன்றைக்கு என்று அவள் கேட்கவில்லை. "ரெண்டரைதாங்கத்தை. நீங்க சொன்னதுதான்" என்றாள். பிறகு அவளாகவே, "அன்னைக்கு நல்லாத்தான் வந்துச்சு அத்தை" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஏம்மா அவன்கிட்ட சொல்லல?" என்றேன்.

"சொல்லியிருந்தா அன்னைக்கே பைய எடுத்துக்கிட்டுக் கெளம்பியிருப்பாங்க அத்தை. ஒரு வருஷம் கழிச்சு உங்க கையால சாப்பிட்டாங்க அன்னைக்கு. பாக்கப் பாவமா இருந்துச்சு."

நான் மன்னிப்புக் கேட்டேன் தம்பி. கேட்டேன் என்று உன்னிடம் பெருமைக்காகச் சொல்லவில்லை, கேட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் நினைத்துவிடாதே. அவள் "பரவால்லங்கத்தை" என்று சொல்லவில்லை. "யாழினி கூப்புடறா அத்தை, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். அது சரிதான். நான் கேட்ட உடனே அவள் கொடுத்துவிட வேண்டும் என்று என்ன சட்டம் இருக்கிறது?

உருளியை அவளுக்கே பார்சலில் அனுப்பிவிடலாமா என்று ராத்திரி யோசித்தேன். நல்ல யோசனைபோலத்தான் தோன்றியது. காலையில் எழுந்ததும் அதிலிருந்த தந்திரம் எனக்கே தெரிந்துவிட்டது. உருளி அங்கே போனால் அவள் களி கோயம்புத்தூரோடு நின்றுவிடும், நம் தெருவுக்கு வராது, நானும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. புத்தி எப்படிப் போகிறது பார். அனுப்பவில்லை. அதற்குப் பதிலாக உன் அத்தைக்குப் போன் போட்டேன். "அண்ணி, அன்னைக்கு அடி பிடிக்கல. நான்தான் கொட்டுனேன்" என்றேன். "தெரியுமே. இப்ப எதுக்கு அத நோண்டிக்கிட்டு இருக்க?" என்றார். "அடுத்த மார்கழிக்கு அவ மறுபடி கிண்டுவேன்னு சொன்னா, எட்டு வீட்டுக்கும் நானே எடுத்துக்கிட்டுப் போவேன். யாரு கிண்டுனதுன்னு கேக்குறதுக்கு முன்னாடி நானே சொல்லுவேன்" என்றேன். அத்தை போனை வைத்துவிட்டார். வைக்கட்டும். மேகலா கிண்ட மாட்டேன் என்றால் அதுவும் அவள் இஷ்டம். ஒரு தடவை மாட்டுக்குப் போட்டதை மறுபடி செய் என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை. கேட்காதே என்று உனக்கும் சொல்கிறேன். அவளாகச் சொல்லும்வரை அந்தப் பேச்சை எடுக்காதே.

சம்பா நெல்லில் தொண்டைக்கதிர் வந்துவிட்டது, கதிர் வெளியே தலைகாட்ட வேண்டியதுதான், பொங்கலுக்குப் பின்னால்தான் அறுப்பு. நான் பொங்கலுக்கு வாருங்கள் என்று எழுதவில்லை. வருவதும் வராததும் நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். என்மேல் நீ கோபப்படலாம், படவேண்டும். இதைப் படித்ததும் எனக்குப் போன் செய்யாதே. முதலில் அவளிடம் போய் நில். என்ன சொல்வாயோ எனக்குத் தெரியாது, ஆறு வருஷக் கிண்டலுக்கு நீயும் ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

அப்புறம் யாழினியைக் கூப்பிட்டு உட்கார வை. அவளுக்குப் புரியாது என்று தள்ளிப்போடாதே, அடுப்படிக் கதை எல்லாம் இந்த வயசில்தான் மனசில் பதியும். நான் நேரில் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம், நீயே சொல். அம்மாவுக்குக் களி நன்றாக வரும், பாட்டிதான் பொய் சொன்னாள் என்று சொல்.

அம்மா